ராக் குழு வாசித்த ராப் பாட்டும் ரசிகர்கள் போட்ட சண்டையும்

வணக்கம். நான் புதுச்சேரியில் மேடைக் கச்சேரிகளுக்கு சவுண்ட் மிக்ஸிங் செய்கிறவன். கூட்டத்துக்கு நடுவே ஒரு மேசையைப் போட்டு, நிறைய பட்டன்களோடு ஒருவன் உட்கார்ந்திருப்பானே, அந்த ஆள். மேடையில் நடப்பது ஒரு காதில் விழுந்தால், என் முதுகுக்குப் பின்னால் ரசிகர்கள் பேசிக்கொள்வது இன்னொரு காதில் விழும். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் சுவாரசியம்.

ஜூன் 21 உலக இசை தினம். 1982-இல் பிரான்ஸில் ஆரம்பித்த இந்த வழக்கம் நம் ஊருக்கு வந்து ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அப்படி ஒரு இசை தினத்தில் கல்லூரிப் பையன்கள் குழு ஒன்று, நல்ல கனமான ராக் குழு, ஒரு ராப் பாட்டை எடுத்து வாசித்தது. முதல் நிமிஷத்திலேயே பின்னால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கறுப்பு டீ-ஷர்ட் கோஷ்டி "செமடா மச்சான்" என்று தலையை ஆட்டுகிறது. பக்கத்திலேயே முத்தியால்பேட்டைப் பையன்கள் நாலைந்து பேர், அந்தப் பாட்டை வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருப்பவர்கள், வாயசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். பாடகன் மூச்சு முட்டி ஒரு வரியை விழுங்கினானோ இல்லையோ, அத்தனை உதடும் ஒரே நேரத்தில் நின்றது. "பாட்டைக் கொன்னுட்டானுங்க" என்றான் ஒருவன். இன்னொருவன் என் மேசைக்கே வந்து, "அண்ணா, வாய்ஸை ஏத்துங்கண்ணா, ஒரு வார்த்தைகூட புரியல" என்றான்.

ஏற்றினேன். புரியவில்லைதான், ஏனென்றால் அது சத்தத்தின் அளவு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. ராப்பில் தாளம் பெரும்பாலும் ஒரு சின்னத் துண்டு, அதுவே சுற்றிச் சுற்றி வரும், அதை லூப் என்போம், அந்த லூப்பில் வேண்டுமென்றே காலி இடம் விட்டிருப்பார்கள், சொற்கள் உட்காருவது அங்கேதான். ராக் குழுவுக்குக் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது, கிடாரைப் போட்டு ரொப்பிவிடும். நாம் பேசும்போது மெய்யெழுத்துகள் பளிச்சென்று தெரிவது சுமார் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். டிஸ்டார்ஷன் போட்டு, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கி, வாசிக்கிற கிடாரும் அங்கேதான் வந்து உட்காரும், டிரம்மோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலும் சேர்ந்துகொண்டால் அப்புறம் சொல்லவே வேண்டாம். தமிழ் ராப் என்றால் இன்னும் மோசம். எதுகை விழுகிற இடத்தில் ஒரு சிம்பல் அடி விழுந்தால் அந்த வரியை எழுதியவனின் உழைப்பே போச்சு.

அதனால் ரசிகர்கள் கிடாரிஸ்ட்டைத் திட்டினாலும், பாட்டு பிழைப்பதும் சாவதும் டிரம்மர் கையில் என்பது என் கட்சி. ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் என்ற ராக் குழுவைக் கேட்டால் தெரியும். 2000 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட ‘ரெனகேட்ஸ்’ ஆல்பம் முழுக்க அடுத்தவர் பாட்டுகள்தான், பாப் டிலன் முதல் சைப்ரஸ் ஹில் என்ற ராப் குழு வரை. பாடகர் ஸாக் டி லா ரோச்சா வரி சொல்லும்போது டிரம்மும் பேஸும்தான் பாட்டைத் தாங்கும். டாம் மொரெல்லோ என்ற அந்தக் கிடாரிஸ்ட், டிஜே ரெக்கார்டைத் தேய்க்கிற சத்தத்தைக் கிடாரிலேயே கொண்டுவருகிற ஆள், பல இடத்தில் ஒதுங்கி நிற்பார். ஒதுங்கத் தெரிவது பெரிய வித்தை, நம்ம ஊர்க் குழுக்களில் அது வருவதற்குள் பையன்களுக்கு வேலை கிடைத்து பெங்களூர் போய்விடுகிறார்கள்.

"ராக்குக்கும் ராப்புக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கிறவர்களும் உண்டு. 1986-இல் ரன் டிஎம்சி என்ற ராப் குழு, ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் 1975-ஆம் வருஷப் பாட்டை அவர்களையே கூட வைத்துக்கொண்டு திரும்பப் பாடியதே, அந்த ராப் பையன்களுக்கு அதற்கு முன்னால் அந்தப் பாட்டில் தெரிந்ததெல்லாம் ஆரம்பத்தில் வரும் டிரம் மட்டும்தான். ஆக, கொடுக்கல் வாங்கல் பழசு.

ஆனால் அடுத்தவர் பாட்டை எடுத்து வாசிக்கிற எல்லா கவரையும் நான் ஆதரிக்கவில்லை. ஈஸி-ஈ என்ற ராப்பர் 1987-இல் பாடிய ‘பாய்ஸ் இன் தி ஹூட்’, ஐஸ் கியூப் எழுதியது, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துத் தெருக்களின் அடிதடிக் கதை. அதை 2000-இல் டைனமைட் ஹேக் என்ற டெக்சாஸ் ராக் குழு, அகூஸ்டிக் கிடாரில் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடி ஹிட் ஆக்கியது. பதில் சொல்ல ஈஸி-ஈ இல்லை, 1995-லேயே இறந்துவிட்டார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, கொதித்தவர்களும் உண்டு. நான் கொதித்த பக்கம். இசை அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டுக்காரனின் தெருவே அங்கே ஜோக் ஆகிவிடுகிறது. முத்தியால்பேட்டைப் பையன்களின் கோபத்தில் பாதி இந்த வகைக் கோபம். கெடுத்தது தாளத்தை மட்டும் என்றால் மறுநாளே மறந்திருப்பார்கள்.

இவர்களுக்கு ராப் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுப் பார்த்தேன். இணையம், அப்புறம் ராப்பர்கள் அறிவு, யோகி பி என்றார்கள். ஒருவன் மட்டும், பக்கத்து சொல்தா வீட்டுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீட்டுக்கு, பாரிஸிலிருந்து லீவுக்கு வந்த பையனின் போனில் முதலில் கேட்டது பிரெஞ்சு ராப் என்றான். வார்த்தை புரியாமலே பிடித்ததாம். என்னிடம் வார்த்தை புரியவில்லை என்று சண்டைக்கு வந்தவனும் இவனேதான்!

சரி, இந்த உரைக்குப் பிறகு இரண்டு ஒலித்துண்டுகள் போடச் சொல்லியிருக்கிறேன். முதலாவது, எரிக் பி அண்ட் ரக்கிம் என்ற ராப் ஜோடி 1988-இல் செய்த ‘மைக்ரோஃபோன் ஃபீண்ட்’. இதன் தாளமே ஆவரேஜ் ஒயிட் பேண்ட் என்ற ஸ்காட்லாந்து குழுவின் எழுபதுகளின் பாட்டிலிருந்து எடுத்தது. ரக்கிம் குரலை உயர்த்தவே மாட்டார், திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போவார். இரண்டாவது, அதையே ரேஜ் குழு வாசித்தது. ஸாக் கத்துவார். கத்தலா, அமைதியா என்று அங்கேயே சண்டையை ஆரம்பித்துவிடாமல், முதல் தடவை டிரம்மை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். இசை தினத்தில் வாசிக்கப் போகிற தம்பிகளுக்கு ஒரு விண்ணப்பம்: சவுண்ட் செக்குக்கு நேரத்தோடு வாருங்கள், ராப் பகுதி வரும்போது கிடாரைக் குறைக்கச் சொல்லி என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிடாரிஸ்ட் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். வணக்கம்.