வால்பாறைக் காட்டிலிருந்து கொச்சித் துறைமுகம் வரை: ஒரு நாள் பயணம்

[காட்சி: விடியற்காலை, ஆழியாறு அணை]

வணக்கம். பொள்ளாச்சியில் காலை ஐந்து மணிக்கே வண்டியை எடுத்துவிட்டோம். சாயங்காலம் கொச்சியில் கப்பல் பார்க்க வேண்டும். பாலக்காடு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாமே என்று கேட்பீர்கள். போகலாம்தான். ஆனால் ஆனைமலைக் காடு ஏன் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மலையேறித்தான் போக வேண்டும். பாதிக் கதை மலையில் இருக்கிறது, மீதி துறைமுகத்தில்.

ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாறை விளிம்பைக் கவனித்துக்கொண்டே வாருங்கள், வரையாடு கண்ணில் படலாம்.

[காட்சி: வால்பாறை, தேயிலைச் சரிவு]

1890-களில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இங்கே மழைக்காட்டை வெட்டிக் காபியும் தேயிலையும் போட்டார்கள். எல்லோரும் நின்று படம் எடுக்கும் இந்தப் பச்சை, காடு இல்லை. காடு மிஞ்சியிருப்பது தேயிலைக்கு நடுவே தீவு தீவாகத்தான். புதுத்தோட்டம் அப்படி ஒரு தீவு. நூறு ஹெக்டேர்கூட வராது.

அங்கேதான் சிங்கவால் குரங்கு இருக்கிறது. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் விலங்கு. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். பலாப்பழத்தைப் பிளந்து சுளையைக் கன்னத்துப் பைக்குள் அடைத்துக்கொண்டு அது நம்மைப் பார்க்கும் பார்வையை நேரில்தான் பார்க்க வேண்டும். மரத்திலேயே வாழ வேண்டிய உயிர், காடு அறுந்துபோனதால் தார்ச்சாலையில் இறங்குகிறது, வண்டியில் அடிபடுகிறது. அதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு தாய்க்குரங்கு அதில் கடந்துபோவதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். தயவுசெய்து பிஸ்கட் போடாதீர்கள். தீனிக்குப் பழகிய குரங்கு சாலையை விட்டுப் போகாது.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இங்கே இருபது வருடத்துக்கும் மேலாக, காட்டு மர விதைகளைப் பொறுக்கி நாற்று வளர்த்து, தோட்ட நிர்வாகங்களோடு சேர்ந்து சிதைந்த காட்டில் நட்டுவருகிறது. ஊருக்குள் சில இடங்களில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு தெரியும். அது எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம்.

[காட்சி: மளுக்கப்பாறை சோதனைச்சாவடி]

இங்கே வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார்கள். இருட்டினால் விடமாட்டார்கள், அதனால் வால்பாறையிலிருந்து நேரத்தோடு கிளம்புங்கள். அப்புறம் வாழச்சால் வரை அடர்ந்த காடு. பெரிய இருவாச்சி கூடு வைப்பது இங்குள்ள முதிய மரங்களின் பொந்தில். பெண் பறவை உள்ளே போய் வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளி வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். ஒரு காலத்தில் குஞ்சுகளைப் பிடித்த, இந்தக் காட்டின் பழங்குடிகளான காடர் மக்களே இன்று அந்தக் கூடுகளுக்குக் காவல். கூடு இருக்கும் மரத்தை அவர்களைவிட நன்றாக யார் அறிவார்கள்?

[காட்சி: சாலக்குடி]

ஆனைமலைத் தேக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனது. பிறகு கொச்சி சமஸ்தான அரசு பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குக் காட்டுக்குள்ளேயே டிராம் பாதை போட்டது. 1907 முதல் 1963 வரை அது மரம் இறக்கியது. அங்கிருந்து ரயிலில் கொச்சி. நாம் இறங்கி வந்த திசையிலேயே ஆனைமலையும் இறங்கியிருக்கிறது.

[காட்சி: ஃபோர்ட் கொச்சி, மாலை]

போர்த்துகீசியர் 1503-இல் கோட்டை கட்டினார்கள், 1663-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1795-இல் ஆங்கிலேயர். புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் போங்கள். 1524-இல் வாஸ்கோடகாமாவைப் புதைத்த இடம் தரையில் இருக்கிறது. எலும்புகளைப் பின்னால் லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆனால் நமக்கு முக்கியமானது வில்லிங்டன் தீவு. முகத்துவாரத்தில் மணல்திட்டு இறுகிக் கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நிற்க வேண்டியிருந்தது. 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அதை வெட்டித் தூர்வாரினார். 1928-இல் பத்மா என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் இந்தத் தீவு. 1947 முதல் கொச்சியில் தேயிலை ஏலம் நடக்கிறது. காலையில் பார்த்த சரிவு எதற்காக மொட்டையடிக்கப்பட்டது என்று இங்கே நின்றால் புரியும்.

சரி, திரும்புவது பாலக்காட்டுக் கணவாய் வழியாக. கொச்சித் துறைமுகமே இல்லாத காலத்தில், ஈரோடு பக்கத்துப் பழைய ஊரான கொடுமணலில் பட்டை தீட்டிய கல்மணிகள் இந்தக் கணவாய் வழியாகத்தான் சேரர்களின் பழந்துறைமுகமான முசிறிக்குப் போயின என்கிறார்கள் ஆய்வாளர்கள். வழி நெடுகக் கடை உண்டு, சாப்பிட்டுவிட்டே வரலாம்.