முகம் பார்த்துப் பேசும் பேச்சே மொழியை வளர்க்கிறது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பந்தல் நிறைய அமர்ந்திருக்கும் மதுரை மக்களுக்கும் பணிவான வணக்கம்.

‘குழந்தைக்கு மொழி வருவது காதில் விழும் பேச்சாலா, அதனோடு பேசும் பேச்சாலா?’ என்ற இன்றைய தலைப்பில், அதனோடு பேசும் பேச்சாலேயே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இரண்டு வலுவான வாதங்களை வைத்தார். ஒன்று, 1996-இல் அமெரிக்காவில் ஜென்னி சாஃப்ரனும் உடன் பணியாற்றிய இருவரும் வெளியிட்ட ஆய்வு. மற்றொன்று, யாரும் தனியே உட்கார்ந்து சொல்லித் தராமலேயே நம் கூட்டுக் குடும்பப் பிள்ளைகள் பேசக் கற்றுவிட்டார்களே என்ற கேள்வி.

அந்த ஆய்வில், பொருளற்ற மூன்றசைச் சொற்கள் நான்கைக் கலந்து, ஏற்ற இறக்கமற்ற இயந்திரக் குரலில், இடைவெளியே விடாமல் 2 நிமிடம் ஒலிக்கச் செய்தார்கள். கேட்டவை 8 மாதக் குழந்தைகள். எந்த அசையை அடுத்து எந்த அசை தவறாமல் வருகிறது என்று அந்தப் பிஞ்சுக் காதுகள் கணக்கெடுத்து, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்டுகொண்டன. வியப்புக்குரிய ஆற்றல்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே குழந்தை பிரித்தெடுத்தது ஒலியை மட்டுமே. அந்த ஒலி எதைக் குறிக்கிறது, அதைச் சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார், பதிலுக்கு என்ன வரும் என்பதை அந்தக் குரல் கற்றுத் தரவில்லை. கற்றுத் தரவும் இயலாது.

அதைக் கற்றுத் தருபவரை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் காணலாம். அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் கால்களின் மேல் கிடத்தி எண்ணெய் தேய்க்கிறார். மூக்கை நீவும்போது, ‘எந்தாயி மூக்கு எங்க?’ என்கிறார். முழங்காலை நீவிவிடும்போது, ‘காலை நீட்டுத்தா’ என்கிறார். பிள்ளை ‘ங்ஙா’ என்று குரல் கொடுத்தால் கையை நிறுத்தி, ‘அப்படியா, அப்புறம்?’ என்று கேட்டு, அது மறுபடி வாய் திறக்கும் வரை காத்திருக்கிறார். தொட்ட இடமும் சொன்ன சொல்லும் ஒரே நொடியில் சேர்கின்றன. தன் குரலுக்கு மறுகுரல் உண்டு என்பதும் பிள்ளைக்குப் புரிகிறது. குரலை உயர்த்தி, இழுத்து, சொன்னதையே திரும்பச் சொல்லும் அந்தப் பேச்சைக் கொஞ்சல் என்று ஒதுக்குவோர் உண்டு. பெரியவர்கள் தமக்குள் பேசும் பேச்சைக் காட்டிலும் அத்தகைய பேச்சையே குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன என்பது பல நாடுகளில் சோதித்து அறிந்த உண்மை.

கூட்டுக் குடும்பத்துக்கு வருகிறேன். அங்கே குழந்தையோடு யாரும் பேசவில்லை என்று எதிரணி எதை வைத்துச் சொல்கிறது? பிள்ளை அத்தை இடுப்பிலிருந்து சித்தி இடுப்புக்கு மாறும்போதெல்லாம் ஒரு விசாரிப்பு நடந்துகொண்டுதானே இருக்கும்? மெக்சிகோவின் யுகடான் பகுதியில், சுற்றிலும் பேச்சு நிறைந்திருக்கும் மாயா கிராமம் ஒன்றில் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. குழந்தைகளின் பிற்காலச் சொல்வளத்தோடு தொடர்புபட்டு நின்றது, பெரியவர்கள் அவர்களை நோக்கிப் பேசிய சொற்களின் அளவே. பிறர் தமக்குள் பேசி, குழந்தையின் காதில் விழுந்த சொற்களின் அளவு அன்று.

இதற்கு ஓய்வு வேண்டும், வசதி வேண்டும், உழைக்கும் தாய்க்கு ஏது நேரம் என்று கேட்கலாம். தாய்மார்கள் மீது பழி சுமத்தும் வாதமாக என் பேச்சை யாரும் கொள்ள வேண்டாம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து வந்த உதிரி மல்லிகையை வீட்டில் சரமாகத் தொடுக்கும் பெண்ணுக்குக் கைக்கு ஓய்வில்லை. ஆனாலும், சேலைத் தொட்டிலில் கிடக்கும் மகனைப் பார்த்து, ‘இந்தாடா பூவு, வாசம் பாரு’ என்று சொல்ல அவருடைய வாய்க்குத் தடையில்லை. தடையாக வருவது, பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று தொட்டிலோரம் சாய்த்து வைக்கப்படும் கைப்பேசி. அதிலும் தமிழ்தானே ஒலிக்கிறது என்று எதிரணி நண்பர் ஆறுதல் சொன்னார். அங்கேதான் நான் மிகவும் கவலைப்படுகிறேன்.

ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் டகரத்தையும் தகரத்தையும் பிரித்துணர்ந்ததையும், 10 முதல் 12 மாதத்துக்குள் அத்திறன் பெரிதும் குன்றியதையும் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டினார்கள். அந்தச் சரிவைத் தடுக்க முடியுமா என்று பாட்ரிசியா கூல் குழுவினர் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருடன் சீன மொழி பேசுவோர் 12 அமர்வுகள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் படித்துக் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்களின் அதே பேச்சைத் திரையில் காட்டினார்கள். நேரில் பேசக் கேட்ட குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பிரித்துணர்ந்தன. திரையில் கண்டவை, அம்மொழியைக் கேட்டே இராத குழந்தைகளின் நிலையிலேயே இருந்தன.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் விடை சொல்லட்டும். காதில் விழுவதே போதுமென்றால், திரையின் முன் உட்கார்ந்த அந்தக் குழந்தைகளின் காதில் விழுந்த பேச்சு ஏன் பயன்படாமல் போயிற்று? நன்றி, வணக்கம்.