ஒரே சீட்டில் இரண்டு பதில்

[திரையில்: ஒரு வாக்குச்சீட்டு]

வணக்கம். இந்தச் சீட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலம், 2024 நவம்பர் 5. மேலே டிரம்ப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன வட்டம் பேனாவால் கறுப்பாக நிரப்பப்பட்டிருக்கிறது. அதே சீட்டில் கீழே வந்தால் 'திருத்தம் 3'. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்பது கேள்வி. அங்கே 'ஆம்' நிரப்பப்பட்டிருக்கிறது.

டிரம்ப் அங்கே 58 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். திருத்தமும் 51 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவராவது இரண்டுக்கும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். கருக்கலைப்பு உரிமைக்காக ஊர் ஊராகப் பேசியவர், டிரம்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸ். அவர் ஜெயிக்க வேண்டும் என்று அவருடைய தாத்தாவின் ஊரான நம் துளசேந்திரபுரத்துக் கோயிலில் பூஜைகூட நடந்தது. மிசூரிக்காரர்கள் அவரை வேண்டாம் என்றார்கள், அவர் பேசியதை எடுத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும், கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய 1973இன் ரோ தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், அன்றைக்கே தடையை அமல்படுத்திய மாநிலம் இது. அப்புறம் எப்படி?

[திரையில்: இரண்டு கேள்விகள், ஒன்றன்கீழ் ஒன்று]

இந்த விவாதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கருவைக் கலைப்பது தவறா? இது ஒன்று. தவறு என்றே வைத்துக்கொள்வோம், அதை அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுக்கலாமா? இது இன்னொன்று. கரு தரித்த நாளிலேயே அது ஓர் உயிர் என்று நம்புகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். கொலையைத் தனிப்பட்ட விஷயம் என்று யார் விடுவார்? அந்த வாதத்தின் கனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வயிற்றில் சுமப்பவள் ஒரு பெண். அவளைத் தாண்டி அந்தக் கருவை எந்தச் சட்டமும் தொட முடியாது.

1984 செப்டம்பரில் நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோ, நாட்டர்டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் பேசினார். அவரே பக்தியுள்ள கத்தோலிக்கர். சபையின் போதனையை நான் ஏற்கிறேன், ஆனால் பல மதத்தார் வாழும் நாட்டில் அதை எல்லாருக்கும் சட்டமாக்குவது வேறு விஷயம் என்றார். நழுவுகிறார் என்று ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கப் பிடிக்காதவர்கள் நடுவிலேயே போய் நின்று சொன்னார்.

அதிபர் வேட்பாளர்கள்? 1967இல் கலிபோர்னியா ஆளுநராகக் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்ட ரீகன், 1980இல் அதை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் கூடாது என்ற ஹைட் திருத்தத்தைப் பல்லாண்டுகள் ஆதரித்த பைடன், 2019 ஜூனில் ஒரே நாளில் மாறினார்.

டிரம்ப் கதை இன்னும் நீளம். 1999இல் பெண்ணின் தேர்வுரிமை பக்கம் என்றார். 2016 மார்ச்சில், தடை வந்தால் கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஏதாவது தண்டனை வேண்டும் என்று ஒரு பேட்டியில் சொல்லிவிட்டு, அன்றே பின்வாங்கினார். அந்த இடத்தில் நில்லுங்கள். அவரைக் கண்டித்தவர்களில் கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்புகளும் உண்டு. தவறு என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கே அந்தப் பெண்ணைக் கூண்டில் ஏற்ற மனம் வரவில்லை. என்னைப் பொறுத்தவரை, இந்த விவாதத்தில் மிக நேர்மையான தருணம் அதுதான்.

கர்ப்பம் ஆறு வாரம் தாண்டினால் கருக்கலைப்பு கூடாது என்ற புளோரிடாவின் தடை ரொம்பக் குறைவான அவகாசம் தருகிறது என்று 2024 ஆகஸ்டில் டிரம்ப் சொன்னார். மறுநாளே, அதை மாற்றும் திருத்தத்துக்கு எதிராக வாக்களிப்பேன் என்றார். புளோரிடாவில் அந்தத் திருத்தத்துக்கு 57 சதவீதம் கிடைத்தது, தேவைப்பட்டது 60.

[திரையில்: மீண்டும் மிசூரிச் சீட்டு]

சரி, மிசூரியில் விஷயம் முடிந்ததா? இல்லை. மக்கள் சேர்த்த உரிமையை நீக்கலாமா என்று 2026 நவம்பருக்குள் மறுபடி மக்களிடமே கேட்க, 2025 மே மாதம் சட்டமன்றம் தீர்மானித்தது. அந்தக் கேள்விக்கும் 'திருத்தம் 3' என்றே பெயர்.