கிட்னி பயாப்ஸிக்குத் தேதி குடுத்துட்டாங்களா? போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க

வணக்கம்ங்க. யூரின்ல புரதம் போகுது, கால் வீங்குது, இல்லன்னா கிரியேட்டினின் (கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) ஏறிக்கிட்டே இருக்கு, காரணம் பிடிபடல. அதனால பயாப்ஸி, அதாவது ஊசியால கிட்னில சின்னத் துண்டு சதை, எடுத்துப் பாத்துடலாம்னு நெஃப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) சொல்லியிருப்பாரு. வீட்ல உடனே கேக்கறது, "அப்போ கேன்சரா?" அப்படித்தான். இல்லைங்க. கட்டியில எடுக்கற பயாப்ஸி வேற. இது கிட்னிக்குள்ள இருக்கற வடிகட்டி, அதாவது குளோமருலஸ், எதனால கெடுதுன்னு பாக்கறதுக்கு. ஐஜிஏ நெஃப்ரோபதியா, லூபஸா (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கற நோய்), மெம்பரனஸா, இப்படி வடிகட்டியைக் கெடுக்கற நோய் பல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. லூபஸ்லயே கிளாஸ் 2ங்கற வகைன்னா ஒரு வழி, கிளாஸ் 4ங்கற வகைன்னா ஸ்டீராய்டோட இன்னும் பலமான மருந்து. இந்த வித்தியாசம் பெரும்பாலும் ரத்த டெஸ்ட்ல தெரியாது.

எல்லாருக்கும் எடுத்தே ஆகணும்னும் இல்ல. குழந்தைக்கு முகமும் காலும் வீங்கி நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்னு சொன்னா, பெரும்பாலும் முதல்ல ஸ்டீராய்டு குடுத்துத்தான் பாப்பாங்க. பெரியவங்களுக்குக் கிட்னி வேலை நல்லா இருந்து, ரத்தத்துல பிஎல்ஏ2ஆர் ஆன்டிபாடி பாசிட்டிவ்னா அது மெம்பரனஸ்தான்னு ஊசி குத்தாமலே முடிவு பண்ண முடியுது. ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் 9 சென்டிமீட்டருக்குக் கீழ சுருங்கியிருந்தா, எடுத்தாலும் வெறும் தழும்புதான் தெரியும், பலன் ரொம்பக் கம்மி. உங்களுக்கு ஏன் தேவைன்னு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க.

சதையை வெட்டி எடுத்தா கிட்னி போயிடும்னு பயப்படாதீங்க. ஒரு கிட்னில ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டி இருக்கு. எடுக்கறது பென்சில் லெட் கனத்துல, 1 அல்லது 2 சென்டிமீட்டர் நீளத்துல, ரெண்டு மூணு துண்டு. அதுல இருக்கறது சில பத்து வடிகட்டிதான்.

உண்மையான ஆபத்து ரத்தக்கசிவுதான். ரெண்டு கிட்னிக்கும் சேத்து நிமிஷத்துக்குச் சுமார் 1 லிட்டர் ரத்தம் ஓடுது, அதுலதான் ஊசி குத்தறாங்க. நூறு பேருக்கு எடுத்தா மூணு நாலு பேருக்கு யூரின் கண்ணுக்குத் தெரியற மாதிரி சிவப்பாப் போகும், பெரும்பாலும் தானாவே நின்னுடும். ஒருத்தர் ரெண்டு பேருக்கு ரத்தம் ஏத்த வேண்டி வரலாம். ரத்தக்குழாய் வழியாப் போய் கசிவை அடைக்கற நிலைமை அதைவிடவும் அபூர்வம். உயிருக்கு ஆபத்துங்கறது மிக மிக அபூர்வம், ஆனா அறவே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. உங்களைப் பண்ணச் சொல்றது எல்லாமே இந்தக் கசிவைத் தடுக்கறதுக்குத்தான்.

அதனால மாத்திரை விஷயத்துல எதையும் மறைக்காதீங்க. ஆஸ்பிரின், எகோஸ்ப்ரின், குளோபிடோக்ரல் இதெல்லாம் ரத்தம் உறையறதைத் தடுக்கற மாத்திரை, வழக்கமா 5லேருந்து 7 நாள் முன்னாடி நிறுத்துவாங்க. நிறையப் பேர் கோட்டை விடறது கொலஸ்ட்ரால் மாத்திரையில. சில மாத்திரையில அதுக்குள்ளயே ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ கலந்து வருது. அட்டையில இருக்கற பேரைப் பூரா படிங்க, இல்லன்னா அட்டையோட எடுத்துட்டுப் போங்க. வார்ஃபரின், அசிட்ரோம் (இதுவும் ரத்தம் உறையாம இருக்கப் போடறதுதான்) சாப்பிடறவங்க, ஸ்டென்ட் வச்சவங்க, வால்வு மாத்தினவங்க தானா நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் கிட்னி டாக்டரும் பேசி முடிவு பண்ணணும். முட்டிவலிக்குப் போடற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கிட்னிக்கே கெடுதல், அதையும் விடுங்க.

நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம், முகம் வெளுக்கற கிரீம், இதைச் சொல்லக் கூச்சப்படாதீங்க. பாதரசம் கலந்ததுனால மெம்பரனஸ் வர்றது நிரூபணமான விஷயம். 2023ல கேரளாவுல மலப்புரம் பக்கம் இந்த மாதிரி கிரீம் போட்டவங்களுக்கு இதே நோய் வந்தது. பொருளை நிறுத்தினதும் பலருக்குப் புரதம் குறையுது. நீங்க சொன்னாத்தான் ரிப்போர்ட் பாக்கறவருக்கும் காரணம் பிடிபடும்.

முன்னாடி ஹீமோகுளோபின், பிளேட்லெட், ரத்தம் உறையற டெஸ்ட், ரத்த குரூப், யூரின் டெஸ்ட் எல்லாம் எடுப்பாங்க. பிளேட்லெட் 1 லட்சத்துக்கு மேல, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற அளவு) 1.5க்குள்ள, பிபி 140/90க்குள்ள இருக்கணும்னு பொதுவா எதிர்பார்ப்பாங்க. அன்னைக்குக் காலையில பிபி 170 இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க, அதுதான் நியாயமும் கூட. வெறும் வயிறுன்னு சொன்னாங்கன்னு பிபி மாத்திரையையும் விட்டுட்டு வராதீங்க. ஒரு வாய்த் தண்ணியில போடலாமான்னு முந்தின நாளே கேளுங்க. சுகர்காரங்க சாப்பிடாம இன்சுலின் போட்டுடாதீங்க.

யூரியா ரொம்ப அதிகமா இருந்தா பிளேட்லெட் எண்ணிக்கை சரியா இருந்தும் ஒழுங்கா வேலை செய்யாது. அதுக்கு டெஸ்மோபிரஸ்ஸின் ஊசி போடலாம், இல்லன்னா ஹெப்பாரின் (ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மருந்து) இல்லாம டயாலிசிஸ் பண்ணுவாங்க. டெஸ்மோபிரஸ்ஸின் போட்டா உடம்புல தண்ணி தேங்கும், சோடியம் இறங்கும். அன்னைக்கு மட்டும் இஷ்டத்துக்குத் தண்ணி குடிக்கக் கூடாது.

எடுக்கறப்போ குப்புறப் படுக்க வச்சு வயித்துக்குக் கீழ தலையணை வைப்பாங்க. மாத்தி வச்ச கிட்னின்னா அது அடிவயித்துல முன்பக்கம் இருக்கும், மல்லாந்துதான் படுக்கணும். ஸ்கேன்ல பாத்துட்டே கிட்னியோட கீழ் நுனிக்குக் குறி வைப்பாங்க. மரத்துப்போற ஊசி சுருக்குன்னு எரியும். அப்புறம் அழுத்தம்தான் தெரியும்.

இங்கதான் உங்க பங்கு. மூச்சு விடறப்போ கிட்னி மேலயும் கீழயும் நகரும். மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொன்னதும் அசையாம சில நொடி பிடிக்கணும். அப்போ டக்குன்னு ஒரு சத்தம் வரும், அது ஸ்பிரிங் ஊசி. அந்தச் சத்தத்துல துள்ளிடாதீங்க. ரெண்டு நாள் முன்னாடியே வீட்ல குப்புறப் படுத்து 10 நொடி மூச்சுப் பிடிச்சுப் பழகுங்க. இருமல் இருந்தா சொல்லிடுங்க, தள்ளி வச்சா ஒண்ணும் குறைஞ்சிடாது.

எடுத்த சதை சாதா மைக்ராஸ்கோப், இம்யூனோஃபுளோரசன்ஸ், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்னு மூணு விதமாப் போகணும். மூணுக்கும் ஊறவைக்கற திரவம் வேற. முழுசையும் ஃபார்மலின்ல போட்டுட்டா மத்த ரெண்டும் சரியா வராது. எலக்ட்ரான் எல்லா ஊர்லயும் கிடையாது, ஆல்போர்ட் மாதிரி பரம்பரை நோய்க்கு அது அவசியம். அனுப்புவீங்களா, செலவு எவ்வளவு, இன்சூரன்ஸ்ல வருமான்னு முன்னாடியே கேட்டுடுங்க.

முடிஞ்சதும் மல்லாந்து குறைஞ்சது 6 மணி நேரம், பல இடத்துல மறுநாள் காலை வரைக்கும் படுக்கை. எழுந்து பாத்ரூம் போகக் கூடாது, பெட்பேன்தான். படுத்துக்கிட்டே குடிக்க ஸ்ட்ரா கொண்டு போங்க. பிரச்சினை வர்றவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு 8 மணி நேரத்துக்கு அப்புறம்தான் தெரிய வருது. அதனால சாயங்காலமே அனுப்புங்கன்னு அடம் பிடிக்காதீங்க. ஒவ்வொரு தடவை போற யூரினையும் தனித்தனிப் பாட்டில்ல வரிசையா வைக்கச் சொல்லுங்க, நிறம் வெளுத்துக்கிட்டே வரணும். கட்டி கட்டியா வந்தாலோ, அடிவயிறு முட்டியும் யூரின் வராம நின்னாலோ, விலாவுல வலி ஏறிக்கிட்டே போனாலோ, வேர்த்து மயக்கமா வந்தாலோ அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிடுங்க. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் தண்ணி கேன், சிலிண்டர், குழந்தை எதையும் தூக்காதீங்க. ஜிம் வேண்டாம், குண்டும் குழியுமான ரோட்ல பைக் வேண்டாம். மலச்சிக்கல் வராமப் பாத்துக்கோங்க, முக்கக் கூடாது. ரத்தம் உறையாம இருக்கப் போட்டு, இதுக்காக நிறுத்தின மாத்திரையை எந்தத் தேதியில திரும்ப ஆரம்பிக்கணும்னு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதி வாங்குங்க. பத்தாவது நாள் சிவப்பாப் போனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.

ரிப்போர்ட்ல எத்தனை குளோமருலஸ் கிடைச்சதுன்னு போட்டிருக்கும். 10க்குக் கீழன்னா முடிவு எவ்வளவு உறுதின்னு டாக்டர்கிட்ட கேளுங்க. தழும்பு எத்தனை சதவீதம்னும் இருக்கும், அது திரும்பி வராத பாகம், மருந்து எவ்வளவு உதவும்னு அதை வச்சுத்தான் கணிப்பாங்க. வேற டாக்டர்கிட்ட கருத்துக் கேக்கணும்னா பேப்பர் மட்டும் போதாது, ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதிச்சு வச்ச மெழுகு பிளாக்கையும் லேப்ல எழுதிக் குடுத்து வாங்கிட்டுப் போங்க.