லண்டனின் பழைய பப்பில் தனியாக ஒரு மாலை

வணக்கம் மக்களே. ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் ஒரு சந்து வாசலில் நின்று பேசுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோவில் பப்புக்குள் எடுத்த காட்சி ஒன்றுகூட இருக்காது. இன்று நான் சொல்லப்போகிற இரண்டு பப்பும் யார்க்‌ஷயரைச் சேர்ந்த சாமுவேல் ஸ்மித் என்கிற பீர் ஆலைக்குச் சொந்தமானவை. அவர்கள் பப்பில் பாட்டு கிடையாது, டிவி கிடையாது. 2019-ல் போனுக்கும் லேப்டாப்புக்கும்கூடத் தடை போட்டார்கள். அதனால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். கண்ணில் பட்டதை வாயால் சொல்கிறேன், கேளுங்கள்.

நிறைய பேர் என்னிடம் கேட்கிற கேள்வி இதுதான்: ஒரு பெண் தனியாகப் பப்புக்குப் போகலாமா? குடிக்காதவர் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா? நான் மது குடிப்பதில்லை. ஆனாலும் ஐந்து வருடமாகப் பப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பம் அவ்வளவு நன்றாக இல்லை. லண்டனுக்கு வந்த புதிதில், ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பப்புக்குப் போனேன். கவுன்டரில் கால் மணி நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊழியர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் அங்கே நின்றது யார் கண்ணிலும் படவில்லையே என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் ஹை ஹோல்பர்னில் இருக்கிற பிரின்சஸ் லூயிஸுக்கு முதல் முறை போனேன். விக்டோரியா ராணியின் மகள் பெயரை வைத்த பப். கட்டடம் 1872-ஐச் சேர்ந்தது, உள் அலங்காரம் 1891-ல் செய்தது. சுவரெல்லாம் வண்ணப் பீங்கான் ஓடு, பெரிய பெரிய கண்ணாடி. நடுவில் தீவு மாதிரி கவுன்டர். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே மரச்சட்டமும் பூவேலை செய்த மங்கல் கண்ணாடியும். விக்டோரியா காலத்தில் ஒரு வர்க்கத்து ஆட்கள் இன்னொரு வர்க்கத்தார் கண்ணில் படாமல் குடிப்பதற்காக இப்படித் தடுத்துக் கட்டினார்கள். காரணம் நல்லதில்லை. ஆனால் இன்றைக்கு அந்த அறைக்குள் நிற்கும்போது கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே, அது வேறு. பக்கத்து அறையின் பேச்சு ஒரு முணுமுணுப்பாகத்தான் வரும். அங்கே இருப்பவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். நடுவில் நிற்கிற ஊழியருக்கு மட்டும் ஒவ்வொரு அறையும் தெரியும்.

எதற்கெடுத்தாலும் வரிசையில் நிற்கிற இந்த ஊரில், பப் கவுன்டரில் மட்டும் வரிசை கிடையாது. வந்தவர்கள் அகலவாக்கில் நிற்பார்கள். யாருக்குப் பிறகு யார் என்கிற கணக்கை ஊழியர் மனதிலேயே வைத்திருப்பார். உங்களைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்துவிட்டால் போதும், உங்களைக் கவனித்துவிட்டார் என்று அர்த்தம். கையைத் தட்டக் கூடாது, பணத்தை ஆட்டிக் கூப்பிடக் கூடாது. பிரின்சஸ் லூயிஸில் அன்று ஊழியர் "அடுத்து யார்?" என்று கேட்டதும், செய்தித்தாள் வைத்திருந்த ஒரு பெரியவர் என்னைக் காட்டி "இவங்க எனக்கு முன்னாடி வந்தாங்க" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. லெமனேட் கேட்டேன். அதுவும் அவர்கள் சொந்தத் தயாரிப்புதான். ஏன் பீர் இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

பீர் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பீப்பாயிலிருந்து வருகிற ஏல் என்கிற பீர் வகைக்குப் பெரும்பாலும் கைப்பிடி பம்புதான். ஊழியர் அதை நிதானமாக இரண்டு மூன்று முறை இழுப்பார், நுரை அடங்கக் காத்திருப்பார், அப்புறம் நிரப்புவார். அது ஐஸ் போல இருக்காது, நிலவறைக் குளிர்ச்சிதான், 11 முதல் 13 டிகிரி. ஒரு பைன்ட் என்றால் 568 மில்லி. குறைவாகத் தெரிந்தால் டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லலாம், முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். கவுன்டரில் டிப்ஸ் வைக்கிற பழக்கம் இல்லை. மனசு இருந்தால் "உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கங்க" என்று சொல்லி அதற்கும் சேர்த்துப் பணம் கொடுப்பார்கள்.

சரி, இப்போது என் பின்னால் தெரிகிற இந்தச் சந்துக்கு வருவோம். இதன் பெயர் வைன் ஆபீஸ் கோர்ட். உள்ளே இருப்பது யே ஓல்ட் செஷயர் சீஸ். 1666-ல் லண்டனை அழித்த பெருந்தீயில் எரிந்து, அடுத்த வருடமே திரும்பக் கட்டிய பப். உள்ளே பகலிலும் வெளிச்சம் குறைவு. கணப்பு எரியும், நிலைப்படியில் குனிந்து போக வேண்டும். பாலி என்று இங்கே ஒரு கிளி இருந்தது. 1926-ல் அது செத்தபோது பத்திரிகைகளில் இரங்கல் செய்தியே வந்தது.

இங்கே ஒரு சின்ன அறையின் வாசலுக்கு மேலே பழைய பலகை ஒன்று இருக்கிறது. இந்த பாரில் கனவான்களுக்கு மட்டுமே பரிமாறப்படும் என்று எழுதியிருக்கிறது. இன்று அது வெறும் பழம்பொருள்தான். ஆனால் இதே தெருவில் எல் வினோ என்கிற வைன் பாரில் 1982 வரைக்கும் பெண்கள் கவுன்டரில் நின்று வாங்க முடியாது. பின்னறையில் போய் உட்கார வேண்டும், அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். உட்கார வைத்துப் பரிமாறுவது மரியாதைதானே என்று தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்தில் இது பத்திரிகைத் தெரு. நீதிமன்றங்களும் பக்கத்திலேயே. அன்றைய செய்தியும் வம்பும் கைமாறிய இடமே அந்தக் கவுன்டர்தான். அன்னா கூட் என்கிற பத்திரிகையாளரும் டெஸ் கில் என்கிற வழக்கறிஞரும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். மேல்முறையீட்டில், இது 1975-ஆம் ஆண்டு பாலினப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு எதிரானது என்று 1982-ல் தீர்ப்பு வந்தது. யோசித்துப் பாருங்கள், என் அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருடம் அது.

இன்று அந்தப் பலகைக்குக் கீழே போய், கவுன்டரில் நின்றுதான் என் லெமனேடை வாங்கினேன். மாலை ஐந்தரை மணி, அலுவலகம் விட்டு வந்த கூட்டம். இரண்டாவது டம்ளருக்காக நின்றபோது பக்கத்தில் ஒரு சின்னப் பெண், பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். புதிதாக வந்தவள் போலத் தெரிந்தது. ஊழியர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இந்தப் பொண்ணு எனக்கு முன்னாடி வந்தாங்க" என்றேன்.