கன்சோல் ஓடுகிறது, திரை கறுப்பு: எச்டிஎம்ஐ கேபிளுக்குள் ஒரு பூட்டு

கோடை பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

சீசன் வந்துவிட்டால் கொடைக்கானல் காட்டேஜ்களில் இறங்கும் பெட்டிகளுக்குள், டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோலான ஒரு பிளேஸ்டேஷனும் இருக்கிறது. வெளியே மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது பிள்ளைகளை ஓரிடத்தில் உட்காரவைக்க அதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் டிவியில் மாட்டினால் பல நேரம் படம் வருவதில்லை. விளக்கு எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் 'நோ சிக்னல்'. காட் ரோட்டுக் குலுக்கலில் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி மதுரைக்கு ரிப்பேருக்கு அனுப்புகிறார்கள். அனுப்புமுன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

கன்சோலையும் டிவியையும் இணைப்பது எச்டிஎம்ஐ கேபிள். அதன் முனையில் 19 பின்கள். முதல் 12 பின்கள் படத்துக்கும் ஒலிக்கும். 18-ஆம் பின்னில் கன்சோல் 5 வோல்ட் அனுப்பும். 'நான் இருக்கிறேன்' என்று டிவி 19-ஆம் பின்னில் பதில் தரும். பிறகு 15, 16 வழியாக நிதானமான ஒரு பேச்சு நடக்கும். கன்சோல் முதலில் கேட்பது, உனக்கு எந்த அளவுப் படம் காட்டத் தெரியும் என்று. அடுத்த கேள்வி, உன்னிடம் சாவி இருக்கிறதா? சாவி என்றால் கருவிக்குள் பதித்த ரகசிய எண். இந்தச் சாவி விவகாரத்துக்குப் பெயர் எச்டிசிபி. இன்டெல் நிறுவனம் உருவாக்கிய நகல் தடுப்புப் பூட்டு.

பூட்டின் பழைய 1.4 வகையில் ஒவ்வொரு கருவிக்குள்ளும் 56 பிட் சாவிகள் 40 இருக்கும். கூடவே 40 பிட்டில் ஓர் அடையாள எண். அதில் சரியாக 20 ஒன்றுகள், 20 பூஜ்யங்கள். எண்ணிப் பார்த்து ஒன்று குறைந்தாலும் கன்சோல் அந்த டிவியை நம்பாது. நம்பிய பிறகும் சும்மா இருப்பதில்லை. 128 பிரேமுக்கு, அதாவது திரையில் 128 படம் மாறுவதற்கு ஒருமுறை, சுமார் இரண்டு விநாடிக்கு ஒருமுறை, இரு பக்கமும் ஒரே எண்ணைத்தான் வைத்திருக்கிறதா என்று ஒத்துப்பார்க்கும்.

இது தெரிந்தால் திரையைப் பார்த்தே கோளாறைப் பிரித்துவிடலாம். படம் வந்து, கறுத்து, ஓரிரு விநாடியில் மறுபடி வந்தால் இந்த ஒத்துப்பார்த்தல் தவறுகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்து ஆன்டெனா திரும்பிக்கொண்டதுபோலத் திரை முழுக்கப் புள்ளி மழை பெய்தால், பூட்டிய படம் வருகிறது, டிவியின் சாவி பொருந்தவில்லை. படம் சரியாக இருந்து அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள் மட்டும் மின்னினால் பூட்டைக் குறை சொல்லாதீர்கள், கேபிள்தான் திணறுகிறது. விநாடிக்கு 60 பிரேம் ஓடும், 4கே எனப்படும் மிகத் துல்லியமான படத்தைச் சாதாரண செம்புக் கேபிள் 3 மீட்டருக்குத் தாங்கும். 5 மீட்டரிலேயே சந்தேகம். ஹால் சுவருக்குள் 15 மீட்டர் இழுத்திருந்தால் படத்தின் துல்லியத்தை 1080-க்கு இறக்குங்கள், அல்லது ஒளியிழையில் ஓடும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ போடுங்கள். அதில் எந்த முனை டிவிக்கு என்று அச்சிட்டிருக்கும். மாற்றி மாட்டினால் ஒன்றும் வராது.

காட்டேஜ்களில் இன்னொரு வில்லன் ஸ்ப்ளிட்டர். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஒரே பெட்டியிலிருந்து பிரித்திருப்பார்கள். அந்தப் பெட்டியும் சாவி காட்ட வேண்டும், அதன் பின்னால் உள்ள இரண்டு டிவிகளும் காட்ட வேண்டும். 4கே-க்கு வந்த 2.2 வகைப் பூட்டைப் பழைய ஸ்ப்ளிட்டருக்குத் தெரியாது. ஆகவே முதல் வேலை, நடுவில் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 2 மீட்டர் கேபிளில் கன்சோலை நேராக டிவியில் மாட்டுவது. பழைய 4கே டிவிகளில் ஏதோ ஒரு துளைக்குத்தான் 2.2 தெரியும், துளையை மாற்றியும் பாருங்கள்.

அப்படியும் வராவிட்டால் சேஃப் மோடு, அதாவது கோளாறு பார்க்க அடிப்படை வசதிகளோடு மட்டும் கன்சோலை எழுப்பும் முறை. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் கன்சோலை முழுதாக அணைத்துவிட்டு பவர் பொத்தானை அழுத்தியபடியே இருங்கள். முதல் 'பீப்' உடனே. ஏறக்குறைய 7 விநாடியில் இரண்டாவது 'பீப்'. அப்போது விடுங்கள். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் இணைத்தே ஆக வேண்டும், பலர் தடுமாறுவது இங்கேதான். பட்டியலில் இரண்டாவதாக வருவது வீடியோ அவுட்புட். ரெசல்யூஷனை, அதாவது படத்தின் துல்லியத்தை அங்கே மாற்றலாம். பிளேஸ்டேஷன் 4 ப்ரோவிலும் 5-இலும் எச்டிசிபியை 1.4-க்கு மட்டும் கட்டிப்போடும் வசதியும் அங்கேயே உண்டு. 4கே போய்விடலாம், படம் வரும்.

பழைய புரொஜெக்டரில் விளையாட வேண்டும், அல்லது கேப்சர் கார்டில் பதிவு செய்ய வேண்டும் என்றால் பூட்டையே கழற்றலாம். பிளேஸ்டேஷன் 3-இல் அதற்கு வழியில்லை. பதிவு செய்தவர்கள் இந்தப் பூட்டு இல்லாத பழைய அனலாக் வகையான காம்பொனென்ட் கேபிளுக்குப் போனார்கள். 2013 நவம்பரில் வந்த 4-உம் பூட்டோடுதான் வந்தது. 2014 ஏப்ரலில் வந்த 1.70 அப்டேட் கதவைத் திறந்தது. செட்டிங்ஸ், சிஸ்டம், அதில் 'எனேபிள் எச்டிசிபி' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் சிஸ்டத்துக்குள் எச்டிஎம்ஐ என்ற பகுதியில் இருக்கிறது. கேம் ஓடும், நெட்ஃபிளிக்ஸ் போன்ற வீடியோ ஆப்கள் ஓடாது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் இந்தத் தலைவலி இல்லை: கேமுக்குப் பூட்டு கிடையாது, சினிமா ஆப் திறந்தால் மட்டும் விழும். கேட்டால் எல்லாம் நகலெடுப்பைத் தடுக்கத்தான் என்பார்கள். 1.4 வகைப் பூட்டின் மூலச் சாவி 2010 செப்டம்பரிலேயே வெளியே கசிந்துவிட்டது, இன்டெலே ஒப்புக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில்தான் இன்னும் திரை கறுக்கிறது.

மலையில் கூடுதலாக இரண்டு கவனம். டிசம்பர் உறைபனி இரவில் காருக்குள் கிடந்த கன்சோலை ஹீட்டர் ஓடும் அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் வியர்க்கும். இரண்டு மணி நேரம் பையிலேயே கிடக்கட்டும்.

அடுத்தது எர்த். பிளேஸ்டேஷன் 4, 5-இன் பவர் கார்டில் எர்த் கிடையாது. டிவியோடு மாடியிலிருந்து வரும் டிஷ் கம்பியும் சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் கரன்ட் இருக்கும்போது எச்டிஎம்ஐயைச் செருகினால் உலோக ஓரத்தில் பொறி தட்டும், சில சமயம் கன்சோலின் எச்டிஎம்ஐ சிப் போய்விடும். இடி இடிக்கிற நாளில் சொல்லவே வேண்டாம். சுவிட்சை அணைத்தால் போதாது, இரண்டு பிளக்கையும் பிடுங்குங்கள். கேபிளை மாட்டியபின் முதலில் டிவி, பிறகு கன்சோல்.

வேறு கேபிள், வேறு டிவி, சேஃப் மோடு எதிலும் படம் இல்லையா? டார்ச் அடித்துக் கன்சோலின் எச்டிஎம்ஐ துளைக்குள் பாருங்கள். உள்நாக்கின் மேலும் கீழும் பின்கள் சீப்புப் பல்லாக வரிசையாக நிற்க வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் உள்ளே போயிருந்தாலும் துளையை மட்டும் மாற்றினால் போதும். பின்கள் நேராக இருந்தும் படம் வரவில்லை என்றால் சிப்பைச் சந்தேகிக்கலாம். மதுரைக்கு அனுப்ப வேண்டியது அப்போதுதான்.

வணக்கம்.