தனியா இருந்தா சாது, கூட்டம் சேர்ந்தா அடாவடி! பாக்டீரியா ஆள் எண்ணுற ரகசியம்

கடல்ல நடுராத்திரி. மேல நிலா. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி சோத்தோங், அதாவது கணவாய், நீந்திப் போகுது. அடியில பசியோட காத்திருக்கிற மீனுக்கு அதோட நிழல் கறுப்பா தெரியணும். தெரியல! சோத்தோங்கோட அடிப்பக்கம் நிலா வெளிச்சத்துக்கு ஈடு கொடுத்து மின்னுது. இந்த விளக்கைப் போடுறது சோத்தோங் கிடையாது. அது உடம்புக்குள்ள குடியிருக்கிற பாக்டீரியா.

வணக்கம் மக்களே, கோலாலம்பூர்ல இருந்து பேசுறேன். நீங்க சௌக்கிட் பாசார்ல வாங்கி சம்பல் போடுற சோத்தோங் இல்ல இது, பதறாதீங்க. ஹவாய்க் கடல்ல வாழுற ரகம். பாக்டீரியா பேரு விப்ரியோ ஃபிஷெரி. இதே பாக்டீரியா கடல் தண்ணியில தனியா மிதக்கிறப்ப மின்னாது. உள்ள போய் நெருக்கியடிச்சு உட்கார்ந்தாதான் மின்னும். கண்ணு இல்ல, காது இல்ல, மூளை இல்ல. பக்கத்துல எத்தனை பேர் இருக்காங்கன்னு அதுக்கு யாருங்க சொன்னது?

வரலாறை வேகமா முடிச்சிடுறேன். 1970ல நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ்னு மூணு பேர் ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. புது திரவத்துல கொஞ்சம் பாக்டீரியாவை விட்டா அது பெருகிக்கிட்டே போகுது, வெளிச்சம் மட்டும் கூடல. அப்புறம் சட்டுனு ஏறுது. ஏற்கெனவே நெருக்கமா வளர்ந்த திரவத்துல இருந்து பாக்டீரியாவை நீக்கிட்டு, அதுல புதுசா கொஞ்சத்தை விட்டா, சீக்கிரமே மின்னுது. அப்ப அந்தத் தண்ணியில என்னமோ இருக்கு! 1981ல அந்த மூலக்கூறோட அமைப்பு தெரிஞ்சுது, 1994ல இந்த ஆள் எண்ணுற வித்தைக்கு கோரம் சென்சிங்னு பேர் வந்துச்சு. அவ்வளவுதான்.

இப்ப செந்தூல்ல ஒரு பிளாட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை காலையில கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து செய்யுற பொது வேலை. லோங்காங், அதான் சாக்கடை, சுத்தம் பண்ணணும். சொன்ன நேரத்துக்கு எவனாவது இறங்குவானா? எல்லாரும் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. பத்தாவது மாடி அங்கிள் வாட்ஸ்அப் குரூப்ல 'நான் வந்துட்டேன்'னு போடுவாரு. ஒத்தை மெசேஜுக்கு யாரும் அசைய மாட்டாங்க, ஏன்னா ஒத்தை ஆளா லோங்காங்ல இறங்கினா இடுப்புதான் போகும். மெசேஜ் மேல மெசேஜ் விழுந்து போன் அதிர்ந்துக்கிட்டே இருக்கணும். அப்பதான் மொத்த பிளாட்டும் சிலிப்பரை மாட்டிக்கிட்டு ஒண்ணா இறங்கும்.

பாக்டீரியா பண்றதும் அச்சு அசல் இதேதான். ஒவ்வொண்ணும் ஒரு குட்டி மூலக்கூறைச் செஞ்சு வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். அதைச் செய்யுற புரதம் லக்ஸ்ஐ. ஆள் குறைவா இருந்தா மூலக்கூறு தண்ணியோட போயிடும். கூட்டம் சேரச் சேர அது தேங்கும், செல்லுக்குள்ள திரும்பி வந்து லக்ஸ்ஆர்ங்கிற புரதத்தோட ஒட்டிக்கும். அந்த ஜோடி போய் டிஎன்ஏல உட்கார்ந்தா ஒளி மரபணுக்கள் ஓட ஆரம்பிக்கும். கூடவே லக்ஸ்ஐ மரபணுவும் ஓடும். மெசேஜ் இன்னும் குவியும். அதான் வெளிச்சம் அவ்வளவு வேகமா ஏறுது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். வேலைக்கு வராம, மீ கோரேங் பொட்டலம் வர்ற நேரத்துக்குக் கரெக்டா வந்து நிக்கிற ஆள் உங்க பிளாட்லயும் இருப்பாருல்ல? (பேர் வேணாம், கமெண்ட்ல சண்டை வேணாம்.) சூடோமோனாஸ் எருஜினோசாங்கிற பாக்டீரியாவுலயும் இருக்கான் அவன்! இவங்க கூட்டமா சேர்ந்ததும் புரதத்தை உடைக்கிற நொதியை வெளிய விடுவாங்க. மரபணு பழுதாகி சிக்னல் கேட்காதவன் நொதி செய்ய மாட்டான், மத்தவங்க உடைச்சு வச்சதைத் தின்னு கொழுத்துப் பெருகுவான். ஓசிக்காரங்க ரொம்பப் பெருகினா, உடைக்க ஆள் இல்லாம மொத்தக் கூட்டமும் திணறும். இதை ஆய்வுக்கூடத்துலயே பார்த்திருக்காங்க. இதுக்காவது ஒரு லைக் போடுங்கலா!

காலரா பாக்டீரியா இதுக்குத் தலைகீழ். ஆள் குறைவா இருக்கிறப்ப நோயை உண்டாக்கும், கூட்டம் சேர்ந்ததும் அதை நிறுத்திட்டு பேதியோட வெளிய கிளம்பிடும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வெப்ப நாட்டு மண்ணுலயும் தண்ணியிலயும் குரோமோபாக்டீரியம் வயலேசியம்னு ஒண்ணு இருக்கு. மனுஷனுக்கு அது தொத்தின முதல் கேஸ் 1927ல மலாயாவுல பதிவாச்சு. அபூர்வம், ஆனா ஆபத்தானது. கூட்டம் சேர்ந்தா அது அப்படியே கத்தரிக்காய் ஊதாவா மாறும். விஞ்ஞானிங்க அதோட வாயை மட்டும் அடைச்சு, காதைத் திறந்து விட்ட ஒரு வகையை உருவாக்கினாங்க. தன்னால சிக்னல் விட முடியாது, வெளிய இருந்து சரியான சிக்னல் வந்தா ஊதாவாகும். அதை வளர்க்கிற வெள்ளைத் தட்டு ஊதாவானா, பக்கத்துல எவனோ பேசுறான்னு அர்த்தம். ஊதாவாக வேண்டிய தட்டு வெள்ளையாவே இருந்தா? யாரோ பேச்சைக் கெடுக்கிறாங்க!

மலாயா பல்கலைக்கழகத்துல இந்த மாதிரி தட்டை வச்சு கிராம்புச் சாறு ஊதாவைத் தடுக்கிறதைக் காட்டினாங்க. இஞ்சி வேர்ப் பக்கத்து மண்ணுல சிக்னலைச் சிதைக்கிற பாக்டீரியாவையும் பிடிச்சாங்க. 2011ல வந்த அந்த இஞ்சி ஆய்வுல என்ன வேடிக்கைன்னா, அடுத்தவங்க சிக்னலைச் சிதைக்கிற அதே பாக்டீரியா தன் பங்குக்கு சிக்னலும் விடுது. கிருமியைக் கொல்லாம, பேச்சை மட்டும் நிறுத்துற மருந்து தேடுறவங்களுக்கு இதெல்லாம் தங்கச் சுரங்கம்.

இஞ்சிக் கதையை மட்டும் தனி வீடியோவா போடவா? கமெண்ட்ல சொல்லுங்க. கிராம்புத் தண்ணி செய்முறை மட்டும் யாரும் கேட்காதீங்க. அவங்க சாறு எடுத்தது ஹெக்சேன், மெத்தனால் மாதிரி கரைப்பானை வச்சு. அதெல்லாம் சமையல்கட்டுக்குள்ள வர வேண்டிய சாமானே இல்ல.